பழைய ஒற்றையாள் பாய்மரப் படகு வாங்குவோர் கவனத்திற்கு: எடை போடாமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய லேசர் வகைப் பாய்மரப் படகுகளை வாங்கிப் பழுது பார்த்து, வண்ணம் பூசி, புத்தம் புதிது போல் ஆக்கி விற்பவர் ஒருவரிடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து நான் ஏமாற்றப்பட்டேன். மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் இத்தகைய படகு வாங்கும் எண்ணத்தில் என்னிடம் விசாரித்தவர்களுக்கும், இனி விசாரிக்கப் போகிறவர்களுக்கும் இது முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

லேசர் என்பது இப்போது இல்கா என்ற பெயரில் வழங்கும் ஒற்றையாள் படகு. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. டோக்கியோவில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஓட்டியதும் இதே உடல்தான். பாய் மட்டும் சற்றுச் சிறியது. நீளம் 4.2 மீட்டர், பாயும் பாய்மரமும் சேர்க்காத உடலின் எடை 59 கிலோ. இந்த எடை அந்த வகைக்கு உரிய அளவு. படகின் குணம் முழுவதும் அதை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன் எடையைத்தான் முதலில் கேட்டேன். "உடல் 60 கிலோ, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதிய பதில் இன்றும் என்னிடம் இருக்கிறது. மினி லாரியில் மல்லிப்பட்டினம் வந்து இறங்கியபோது பளபளவென்று இருந்தது. இரண்டு பேர் தூக்கிச் சென்று கரையில் வைக்கக்கூடிய படகை நான்கு பேர் மூச்சு வாங்கித் தூக்கினோம். புதுப் பூச்சு என்பதால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று உடன் வந்தவர் சொன்னார். பூச்சு காய்ந்தால் எடை இருபது கிலோ குறையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடலில் இறக்கியதும் வித்தியாசம் தெரிந்தது. இந்த வகைப் படகில் காற்று சட்டென்று வலுத்தால் படகு முன்னோக்கிப் பாய வேண்டும். அப்படிப் பாயும்போது ஓட்டுபவருக்குக் காற்று முன்பக்கத்திலிருந்து வருவது போல் மாறும். வந்த காற்றின் பெரும்பகுதி வேகமாக மாறும். எடை மிகுந்த படகு அவ்வளவு விரைவில் வேகம் பிடிக்காது. வந்த காற்று வேகமாக மாறாமல் சாய்வாக மாறுகிறது, ஓட்டுபவர் பாயின் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டியிருக்கிறது, அடுத்த காற்று வரும்போது மறுபடியும் நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வாடைக்காற்று விட்டு விட்டு வீசும் நாட்களில் இது ஓயாத போராட்டம்.

இன்னொன்று, நீரின் மேல் எழுந்து வழுக்கி ஓடுவது. லேசரின் நீர்மட்ட நீளம் ஏறத்தாழ 3.8 மீட்டர். அந்த நீளமுள்ள படகு நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் வரையில் மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில் தன் அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைத் தாண்ட வேண்டுமானால் அடிப்பகுதி நீரை அழுத்தி மேலே எழ வேண்டும். எவ்வளவு எடையை எழுப்ப வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் அது எந்தக் காற்றில் நடக்கும் என்பது அமையும். 2014இல் வந்த ஆர்எஸ் ஏரோ என்ற படகின் உடல் வெறும் 30 கிலோ. லேசர் இன்னும் நீரைக் கிழித்துக்கொண்டிருக்கும் காற்றிலேயே அது எழுந்துவிடுகிறது. எனக்கு விற்கப்பட்ட படகோ மற்ற லேசர்கள் எழுந்து ஓடக்கூடிய காற்றில்கூட அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்க மறுத்தது.

பாக் நீரிணையில் ஆழம் குறைவு. அலை உயரமாக இருக்காது. ஆனால் நெருக்கமாக வரும். அங்கே எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயம். நடுவில் இருக்கும் ஐந்து கிலோவை ஓட்டுபவர் தாங்கிக்கொள்ளலாம். அதே ஐந்து கிலோ அணியத்தில் இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் மூக்கு குத்தி, தூக்கி, மறுபடியும் குத்தும். வேகம் முழுவதும் அந்த ஆட்டத்திலேயே கரைந்துவிடும். இந்தப் படகு அப்படித்தான் குத்தியது. கவிழ்ந்த பிறகு, படகின் நடுவே நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்துவதும் மிகக் கடினமாக இருந்தது. கரையிலிருந்து தொலைவில் தனியாக இருப்பவருக்கு அது உயிர் தொடர்பான விஷயம்.

கரையில் அதைக் கவிழ்த்துப் போட்டபோது, வள்ளம் கட்டி அனுபவமுள்ள ஒரு பெரியவர் அருகில் வந்து காதை வைத்துக் கேட்டார். "தம்பி, அணியத்தைக் கொஞ்சம் தூக்கு... உள்ள தண்ணி ஓடுது பாரு" என்றார். பின்பக்கம் நீர் வடிக்கும் செருகியைக் கழற்றப் பார்த்தோம். அது எம்சீல் வைத்து அடைக்கப்பட்டு, அதன் மேல் வண்ணமும் பூசப்பட்டிருந்தது. அதை உடைப்பதற்கு முன் பட்டுக்கோட்டைச் சாலையில் உள்ள ஒரு நெல் வியாபாரியின் மின்னணுத் தராசுக்குக் கொண்டு போனோம். மூட்டை வைக்கும் தட்டின் மேல் இரண்டு சட்டங்களை வைத்து, படகைக் குறுக்கே ஏற்றி, நிலைபெற்றதும் எல்லோரும் கையை எடுத்தோம். சிவப்பு எண்கள் சற்று ஆடி 84இல் நின்றன. சீட்டும் வாங்கிக்கொண்டேன். பிறகு செருகியைத் திறந்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் நுரைத் துணுக்குகளோடு வடிந்தது. வடிந்த பின்னும் 79 கிலோ.

மீதி இருபது கிலோ எங்கே என்பது மேல்தளத்தில் ஆய்வுத் துளை போட்டபோது தெரிந்தது. மிதவைக் கட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் மலிவான ஊற்று நுரையை ஊற்றியிருந்தார்கள். அதைப் பிழிந்தால் கையில் தண்ணீர் வந்தது. அடிப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் அணியத்திலிருந்து நடுப்பகுதி வரை ஃபைபர் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே புட்டியால் சமப்படுத்தியிருந்தார்கள். மீன்பிடிப் படகுக்கு அது நல்ல வேலை. நாள்தோறும் மணலில் இழுத்து ஏற்றப்படும், எஞ்சின் பொருத்திய படகுக்குக் கனமான அடி தேவை. காற்றை மட்டும் நம்பி ஓடும் படகுக்கு அதே வேலை கேடு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விற்றவர் சொன்ன பதில், எடை கூடினால் படகு கடலில் ஆடாமல் நிற்கும், உங்களுக்கு அது நல்லதுதான் என்பது. இது கேட்கச் சரி போலத் தோன்றும் என்பதால் இதற்கு விடை சொல்வது அவசியம். அடியில் ஈயமோ இரும்போ தாங்கிய பெரிய பாய்மரப் படகுகளுக்கு அந்த வாதம் பொருந்தும். ஒற்றையாள் படகு நிமிர்ந்து நிற்பது ஓட்டுபவரின் உடலால். அவர் விளிம்புக்கு வெளியே சாய்ந்து தொங்கும்போது அவருடைய எடை படகின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி வேலை செய்கிறது. உடலில் ஒட்டிய புட்டியின் எடை நடுக்கோட்டிலேயே இருப்பதால் அது தரும் துணை மிகச் சொற்பம். உள்ளே ஓடும் தண்ணீரோ துணையே இல்லை, எதிரி: படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடிச் சாய்வைக் கூட்டும். கனமான படகு திரும்பும்போது பழைய வேகத்தைச் சற்று அதிகம் தக்கவைக்கும் என்பது மட்டும் உண்மை. திரும்பிய பின் மறுபடி வேகம் பிடிக்க ஆகும் நேரத்தில் அந்த ஆதாயமும் போய்விடும்.

கூடுதல் எடையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இத்தகைய படகு நீரைத் தொடும் பரப்பு தோராயமாக மூன்று சதுர மீட்டர். 25 கிலோ கூடினாலும் அது ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடுதலாக அமிழாது. நானும் பாய்மரமும் பாயும் சேர்ந்து மொத்தம் 150 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 175 கிலோ இருந்தது. கரையில் நின்று பார்த்தவர் எவருக்கும் அது தெரியவில்லை. ஆகவே விற்பவர் இடத்திலேயே தராசு வையுங்கள். பாய்மரம், சுக்கான், நடுப்பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் எடை போடுங்கள். நீர் வடிக்கும் செருகி கையால் கழல வேண்டும். கழலாவிட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள், மட்டம் இறங்கினால் அந்தத் தண்ணீர் படகின் வயிற்றுக்குள் போகிறது. நாணயத்தால் அடிப்பகுதி முழுவதும் தட்டிக்கொண்டே வந்தால் புட்டி தடித்த இடத்தில் ஓசை மங்கிக் கேட்கும்.

இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்துக்காக யாரும் சண்டை போட வேண்டாம். பழைய படகில் அது இயல்பு. பத்தைத் தாண்டினால், பழகுவதற்காக வாங்கும் பிள்ளைகளுக்குக்கூட அது உதவாது. படகு கற்றுத்தர வேண்டிய பாடத்தையே தவறாகக் கற்றுத்தரும்.

நான் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். விற்றவர் அசையாததால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் பதில், தராசுச் சீட்டு, செருகியை உடைக்கும் முன் எடுத்த படங்கள், வெட்டி எடுத்த ஈர நுரையில் ஒரு துண்டு ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இதே போன்ற படகை வாங்கி இதே பதிலைக் கேட்டவர்கள் இருந்தால், செருகியைத் திறப்பதற்கு முன் ஒரு முறையும் திறந்த பின் ஒரு முறையும் எடை போட்டு, இரண்டுக்கும் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.