ஊரில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் தேடியபோது

அக்கா மகன் டி.ஜே. ஆகிவிட்டான். பாடல்களைக் கலந்து இசைக்க ஒரு சிறிய கன்ட்ரோலர், மடிக்கணினி, ஹெட்போன், இவ்வளவுதான் மூலதனம். ஆனாலும் நண்பர்களின் பிறந்தநாள், விடுதி ஆண்டு விழா என்று அழைப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. "வரும்போது இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வாருங்கள் மாமா" என்று நான் டிக்கெட் போட்ட நாளிலிருந்தே நச்சரித்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கஞ்சத்தனம் காரணமில்லை. நான் வசிக்கும் நாட்டில் மின்சாரம் 120 வோல்ட், ஊரில் 230. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றிருந்தால் ஊரில் செருகியவுடன் உள்ளே ஏதாவது கருகும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே 15 கிலோவைத் தொடும். விமானத்தில் பெட்டிக்கு வழக்கமாகத் தருவதோ 23 கிலோ. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து சுமந்து வந்தால் லாபம் என்பது ஒரு காலத்துப் பேச்சு. ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம், கூட வருகிறேன் என்றேன்.

முதலில் போனது குளிரூட்டப்பட்ட பெரிய கடை. வரவேற்பு, தண்ணீர், நாற்காலி எல்லாம் குறைவில்லை. டி.ஜே. என்ற சொல் காதில் விழுந்ததும் விற்பனையாளர் எங்களை நேராக ஒரு ஆளுயரப் பெட்டியின் முன் கொண்டு நிறுத்தினார். சக்கரம், கைப்பிடி, தாளத்துக்கு நிறம் மாறும் விளக்கு, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் வாட் கணக்கு.

"இது எந்த வாட்?" என்று கேட்டேன்.

"பீக் சார்."

"ஆர்எம்எஸ் எவ்வளவு?"

மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் கையேட்டில் இருக்கும் என்றார். கையேடு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும் என்பது கடை விதி.

வாட் எண்ணைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பழைய டேப் ரெக்கார்டர் காலத்து பிஎம்பிஓ என்ற அளவை நினைவிருக்கலாம். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை என்று ஒன்று இருந்ததே இல்லை, விற்பவர் மனம்போல் போட்டுக்கொண்டார். இன்றைய பீக் எண் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் அது நொடிப்பொழுதின் உச்சம், தொடர்ந்து தாங்கும் திறன் வேறு. நான் ஆர்எம்எஸ் என்று கேட்டது அதைத்தான். யமஹாவின் டிபிஆர்10 பெட்டியில் இருப்பது 700 வாட். அதே நிறுவனம் தரும் தொடர் திறன் 325 வாட். இரண்டையும் வெளிப்படையாகச் சொல்கிறவரை நம்பலாம், பெரிய எண்ணை மட்டும் சொல்கிறவரிடம் மற்றொன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியமான எண் டெசிபெல்லில் தரப்படும் உச்ச ஒலி அழுத்தம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 500 வாட்டுக்கும் 1000 வாட்டுக்கும் இடையே விலையில் தெரியும் இடைவெளி காதில் அவ்வளவாகத் தெரியாமல் போவது இதனால்தான்.

சரி, கேட்டாவது பார்க்கலாம் என்றால் ப்ளூடூத்தில் ஒரு பாட்டு போட்டார்கள், ஒலியளவு கால் பங்கு. அதற்கு மேல் வைத்தால் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவாம். கால் பங்கில் எந்த ஸ்பீக்கரும் இனிமையாகத்தான் பாடும். முக்கால் பங்கில் பாடகியின் குரல் கத்தியாகிறதா, பேஸ் எனும் அடித்தொனி கொழகொழவென்று ஆகிறதா என்பதுதான் சோதனை. மேலும் ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாட்டுக் கேட்பவருக்கு அது பொருட்டில்லை. இரண்டு பாடல்களின் தாளத்தைக் கையால் இணைக்கிறவனுக்கு அந்தத் தாமதம் காலை வாரிவிடும். மருமகன் தன் கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். கேபிள் இல்லை என்றார்கள். ஒலிப் பொருள் விற்கும் கடையில் கேபிள் இல்லை! எழுந்து வந்துவிட்டோம்.

அக்கா வீட்டுக்குப் பின்தெருவில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று அவரிடம் போனோம். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அவருடைய கிடங்கில்தான் கிடைத்தது.

பத்து, பன்னிரண்டு, பதினைந்து அங்குலம் மூன்றையும் முற்றத்தில் ஸ்டாண்டில் ஏற்றினார். குழாயை முழுவதும் உயர்த்தி, உயர் ஒலி வெளிவரும் ஹாரன் என்ற மேல்பகுதி நிற்கிறவர்களின் தலைக்கு மேல் போகும்படி வைத்தார். "முன்வரிசையில் நாலு பேர் நின்றால் போதும், பின்னால் இருக்கிறவனுக்கு வார்த்தை கேட்காது" என்றார். ஒரே பாடலை மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, எங்களைப் பின்னோக்கி நடக்கச் சொன்னார். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும் என்று புத்தகம் சொல்லும். அவர் கணக்குச் சொல்லவில்லை, வேப்பமரத்தருகே எங்களை நிறுத்தி, "இத்தனை தூரம் ஆட்டம் நடக்குமென்றால் பத்து அங்குலம் திணறும்" என்றார். திணறியது.

கன்ட்ரோலரை இணைத்ததும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். மருமகன் முகம் வாடிவிட்டது. பெரியவர் ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை, மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது. தொடக்கநிலை கன்ட்ரோலர்கள் பலவற்றில் வெளியே போவது ஆர்சிஏ என்ற சிவப்பு, வெள்ளை முனை இணைப்பு மட்டுமே; பயோனியர் டிடிஜே எஃப்எல்எக்ஸ்4 போன்றவையும் அப்படித்தான். அந்த ஒயர் நீளமானால் வழியில் இரைச்சலைப் பொறுக்கிக்கொள்ளும். சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் எர்த் இணைப்பு ஒரு வளையமாகிவிட்டாலும் இதே கதை. முனையை மட்டும் எக்ஸ்எல்ஆராக (மேடை ஒலியில் பயன்படும் மூன்று முள் இணைப்பு) மாற்றும் கேபிள் இதைத் தீர்க்காது. கன்ட்ரோலர் அருகே ஒலியை இரைச்சல் எளிதில் ஒட்டாத வகைக்கு மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொண்டுபோக வேண்டும். அவர் அப்படியே செய்து, சார்ஜரை மறுபடி செருகிக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

பிறகு பையன் உற்சாகத்தில் கன்ட்ரோலரின் ஒலியளவைச் சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றினான். பெரியவர் அவன் கையைத் தட்டிவிட்டு அதை இறக்கி, ஸ்பீக்கரின் பின்பக்கக் குமிழை ஏற்றினார். கிழிந்த ஒலியை அனுப்பினால் ஸ்பீக்கருக்குள் ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரால் அதைத் தைத்துத் தர முடியாது. உயர் ஒலிக்கான சிறிய டிரைவர் கருகுவதும் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான்.

அளவு விஷயத்தில் எனக்கிருந்த சந்தேகம் அங்கே தீர்ந்தது. யமஹாவின் டிபிஆர் வரிசையையே எடுத்துக்கொண்டால் பத்து அங்குலம் 129 டெசிபெல், பன்னிரண்டு 131, பதினைந்து 132. பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குப் போனால் கூடுவது ஒரே ஒரு டெசிபெல், எடை 15.8 கிலோவிலிருந்து 19.3 கிலோவாகிறது. பதினைந்தில் பேஸ் இன்னும் ஆழமாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் இருசக்கர வாகனமும் நண்பனின் ஆட்டோவுமே போக்குவரத்து என்றிருப்பவனுக்கு மூன்றரை கிலோ சின்ன விஷயமில்லை. (வேறு நிறுவனத்தின் டெசிபெல்லோடு இதை அப்படியே ஒப்பிட வேண்டாம், அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.)

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் வகை, பன்னிரண்டு அங்குலம், ஒரு ஜோடி என்று முடிவு செய்தோம். தனி ஆம்ப்ளிஃபையர் கேட்கும் பாசிவ் வகை பார்க்க மலிவு. ஆம்ப்ளிஃபையரும் சேர்த்துக் கூட்டினால் மலிவில்லை, பொருத்தம் பார்க்கும் வேலையும் தலையில் விழும். பேஸுக்கென்றே தனியாக வரும் சப்வூஃபர் இப்போது வேண்டாம், பெரிய நிகழ்ச்சி வந்தால் வாடகைக்குத் தருகிறேன் என்றார் பெரியவர். அவருக்கு வியாபாரம், இவனுக்கு மிச்சம்.

வாங்கியது அவர் கைகாட்டிய ஒரு சிறிய இசைக்கருவிக் கடையில். நாற்காலியும் தண்ணீரும் கிடைக்கவில்லை. ஆனால் கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து, கதவைச் சாத்திவிட்டு, வேண்டுமளவு ஏற்றிக் கேட்கவிட்டார்கள். பில்லை என் பெயரில் போடப் போனார்கள். பணம் நான் கொடுத்தாலும் வாரண்டிக்கு அலையப் போகிறவன் அவன் என்பதால் அவன் பெயரில் மாற்றச் சொன்னேன். சர்வீஸ் சென்டர் எங்கே, உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் பழுதானால் மாற்று மின்சுற்றுப் பலகை கிடைக்குமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் எங்கள் முன்னாலேயே போன் போட்டு விசாரித்துச் சொன்னார்.

பெட்டிக்குள் ஸ்டாண்டும் கேபிளும் வராது என்பது பையனுக்கு அங்கேதான் தெரிந்தது. 35 மில்லிமீட்டர் குழாய் உள்ள ஸ்டாண்டு இரண்டும் எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டும் அவன் சேமிப்பிலிருந்து வாங்கினான். டிஐ பாக்ஸுக்குக் காசு போதவில்லை. பெரியவரிடமே ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறான். கணக்கு அவர் நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.