ஒளிக்கற்றைகளைப் படமெடுக்க ஃபில்டரா, பிராக்கெட்டிங்கா?

காட்டுக்குள் பனிமூட்டத்தின் ஊடே வெயில் கற்றை கற்றையாக இறங்குவதைப் படமெடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். மேலே உள்ள வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் தரை கரியாகிவிடும். தரைக்கு வைத்தால் கற்றைகள் வெளுத்துக் காணாமல் போகும். இதைச் சமாளிக்க, மேல்பாதி மட்டும் கருத்திருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மாட்டலாம். இல்லாவிட்டால் டிரைபாடில் வைத்து ‑2, 0, +2 (இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக) என மூன்று எக்ஸ்போஷரில் எடுத்து, பிறகு கணினியில் சேர்க்கலாம்; இதுதான் பிராக்கெட்டிங். மூன்று வருடம் ஃபில்டரோடு மல்லுக்கட்டிவிட்டு பிராக்கெட்டிங்குக்கு வந்தவன் நான்.

ஃபில்டரில் ஒரே கிளிக்கில் வேலை முடிந்துவிடும். கணினி முன் உட்காரும் நேரமும் மிச்சம். காட்டுக்குள், ஃபில்டரின் கருப்பு தொடங்கும் கோட்டைத் தாண்டி நிற்கும் மரங்களின் உச்சி கருத்துப்போகும் என்பது எல்லோரும் சொல்லும் குறை.

என்னை மாற்றியது அதுவல்ல, ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருக்கும் பாடுதான். பனித்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே சிதறடிக்கின்றன. அதனால் சூரியனை நோக்கி நின்றால்தான் கற்றைகள் பளிச்சென்று தெரியும்; முதுகைக் காட்டி நின்றால் பாதி மறைந்துவிடும். சூரியனைப் பார்த்து நிற்கும் ஃபில்டரில் ஒரு தூசி, ஒரு கைரேகை இருந்தாலும் போதும், அது தனியாக மின்னும். அகன்ற காட்சியைப் பிடிக்கும் லென்ஸில் எஃப்/16 என்று துவாரத்தைச் சிறிதாக வைத்தால் இன்னும் மோசம். லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒளி பிரதிபலித்துப் படத்தில் பச்சைப் பொட்டு விழும். பனியில் ஃபில்டர் வேர்த்துப்போகும். துடைத்தால் ரெசின் (பிளாஸ்டிக் வகை) ஃபில்டரில் கீறல் விழும். கீறிய ஃபில்டரைப் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல வெளிச்சம் சில நிமிடம்தான் நிற்கும். அதில் பாதியை நான் துணியும் கையுமாகவே கழித்திருக்கிறேன்.

பிராக்கெட்டிங்கில் தொல்லை இல்லையா என்றால், இருக்கிறது. காற்றில் இலை அசைந்தால் மூன்று படமும் ஒன்றோடொன்று பொருந்தாது. மென்பொருளே தானாகச் சேர்க்கும்படி விட்டால் இருட்டையும் தூக்கிவிடும். இருட்டு போனால் கற்றையும் சப்பென்று ஆகிவிடும். அதனால் நான் ‑2 படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, தரையை மட்டும் வெளிச்சமான படத்திலிருந்து மாஸ்க் போட்டு (மற்ற இடங்களை மறைத்து) எடுத்துக்கொள்கிறேன். கற்றையைத் தொடுவதே இல்லை.

கடலுக்கு மேல் மேகத்தைப் பிளந்து கற்றை விழும் காட்சி வேறு கதை. அடிவானம் நேர்கோடு, கீழே அலை ஓயாது. அங்கே ஃபில்டர்தான் சௌகரியம் என்று நினைக்கிறேன். ஆனால் கடலில் நான் எடுத்தது நாலைந்து தடவைதான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

புதிதாக ஃபில்டர் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் ‑2 படத்தை மட்டும் ரா கோப்பில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, கணினியில் இருட்டான பகுதிகளை வெளிச்சமாக்கிப் பாருங்கள். இப்போதைய கேமராக்களில் பல சமயம் அதுவே போதும். மற்ற இரண்டு படங்களை நான் தொடாமலே அழித்த நாட்களும் உண்டு.