துறுதுறு பிள்ளைக்குக் கதைப் புத்தகம்: ஐந்து வருட அனுபவம்

மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்கு வயது 7. அன்று இரவே உட்கார்ந்து, அதைப் பற்றிக் குழந்தைகளுக்கு என்னென்ன கதைகள் இருக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். இப்போது அவனுக்கு 12. நடுவில் முப்பது புத்தகங்களுக்கு மேல் வாங்கியும் இரவல் வாங்கியும் படித்துவிட்டோம். பெரும்பாலும் இரவில்தான். நான் சத்தமாக வாசிப்பேன், அவன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கேட்பான். எது நிலைத்தது, எது இரண்டே நாளில் அலமாரிக்குப் போனது என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது. முதல் வருடத்திலேயே எழுதியிருந்தால் இதில் பாதியை மாற்றிச் சொல்லியிருப்பேன்.

முதலில் வாங்கியவை மெல்லிய படப் புத்தகங்கள். எல்லாம் ஒரே வார்ப்பு. ஓர் அணிலோ முயலோ வகுப்பில் உட்கார முடியாமல் தவிக்கும். நடுவில் அன்பான ஆந்தை டீச்சர் வருவார். மூளை எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பக்கம். மூச்சை நன்றாக இழுத்து விட்டதும் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு அப்புறம் பெற்றோருக்கான குறிப்புகள். மகன் நான்காம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். "இது டாக்டர் கதைப்பா. வேற படிங்க." எனக்கு அவை உதவவே இல்லை என்று சொன்னால் பொய். அவனிடம் இதைப் பற்றிப் பேச எனக்கு வார்த்தைகள் கிடைத்தன. ஆனால் ஒன்றையாவது அவனே போய் எடுத்து வந்ததில்லை.

அடுத்து வந்தது பெர்சி ஜாக்சன். ரிக் ரியோர்டன் எழுதிய வரிசை, முதல் புத்தகம் 2005-இல் வந்தது. ஏ.டி.எச்.டி.யும், எழுத்துகளை வாசிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியாவும் இருந்த தன் மகனுக்குப் படுக்கும் நேரத்தில் சொன்ன கதைதான் அவர் கையில் நாவலானது. பெர்சி ஒரு கிரேக்கக் கடவுளின் மகன். அவனால் சும்மா உட்கார முடியாததற்குக் காரணம் போர்க்களத்துக்கான அனிச்சை அவன் உடம்பில் இருப்பது. எழுத்துகள் மிதப்பதற்குக் காரணம் அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கு அமைந்தது. 8 வயதில் என் மகனுக்கு இது தேவாமிர்தம். ஆறு மாதம் வீட்டில் இருந்த ஸ்கேல்கள் எல்லாம் வாள்களாகத்தான் இருந்தன. தன்னைப் பற்றி முதல்முறையாகப் பெருமையாகப் பேசினான். நானும் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

9 வயதில் ஒருநாள், கணக்கு நோட்டைத் தொலைத்துவிட்டு வந்த மாலையில், கேட்டான். "அப்பா, எனக்குத்தான் சண்டையே வர மாட்டேங்குதே. அப்ப எதுக்கு எனக்கு இது?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளவில்லை. இது பெர்சியின் குற்றமில்லை, அருமையான சாகசக் கதை அது. சாகசக் கதை என்றே கொடுங்கள், குழந்தை ஒரே மூச்சில் படிக்கும். "உனக்கும் இப்படி ஒரு சக்தி இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தால், அது எப்போது வரும் என்று குழந்தை காத்திருக்கத் தொடங்கிவிடும். நான் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தேன்.

அப்புறம் ஜோயி. ஜாக் காண்டோஸ் எழுதி 1998-இல் வெளியான புத்தகம், தலைப்பு: ஜோயி பிக்ஸா ஸ்வாலோட் த கீ. இந்த ஐந்து வருடத்தில் அட்டை கிழிந்து, மூன்று முறை டேப் ஒட்டிய ஒரே புத்தகம் இதுதான். ஜோயியே கதை சொல்கிறான். வாக்கியங்கள் நிற்காமல் ஓடும். சத்தமாக வாசிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கும். மகனுக்கு அதுதான் பிடித்தது: "இவன் என்னை மாதிரியே பேசுறான்."

ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவது எங்கள் பழக்கம். முதல் பக்கத்திலேயே திணறிவிட்டேன். ஜோயி தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல் 'வயர்ட்'. துறுதுறு என்றேன், ஒட்டவில்லை. வாலு, சுட்டி என்பவை கொஞ்சல். (நான்கு வயது வரை நாம் கொஞ்சும் வாலுத்தனம் பத்து வயதில் அடங்காத்தனம் ஆகிவிடுகிறது. குழந்தை மாறியிருக்காது, நாம்தான் சொல்லை மாற்றியிருப்போம்.) கடைசியில் கரண்ட் பிடித்த மாதிரி என்றேன். மகன் தொங்கிக்கொண்டே திருத்தினான்: "கரண்ட் இல்லப்பா. உள்ள ஒரு மோட்டார். சுவிட்ச் வேற யார் கையிலயோ இருக்கு." ஏ.டி.எச்.டி. என்ற பெயரை 1987-இல் வைத்தது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு. அதில் உள்ள அறிகுறிகளில் ஒன்று, மோட்டார் பொருத்தியதுபோல் இயங்குவது. இதை நான் பிறகுதான் படித்தேன். அவன் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

இந்தக் கதையில் மருந்து இருக்கிறது. அது பாதி நாள் வேலை செய்யாமலும் போகிறது. காலையில் போட்ட மாத்திரையின் பலன் மதியத்துக்குள் தீர்ந்துவிட, ஜோயி சுவரெல்லாம் மோதுகிறான். சும்மா எழுதியதில்லை, ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் மருந்தின் சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் போலத்தான் தாங்கும். மகனுக்கு மதிய வகுப்பு ஏன் காலை வகுப்பு மாதிரி இல்லை என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஜோயி ஒரே அத்தியாயத்தில் விளக்கிவிட்டான். ஜோயி செய்கிற தப்புகளும் நிஜத் தப்புகள். கத்தரிக்கோலோடு ஓடி ஒரு சிறுமியின் மூக்கு நுனியை வெட்டிவிடுகிறான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் மூக்கு வெட்டுப்பட்டதுதான். அந்த இடத்தில் மகன் தொங்குவதை நிறுத்தி நேராக உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்டால் போதும் என்று முடிக்காத கதையை அவன் அதற்கு முன் கேட்டதில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஜோயி வீட்டுச் சாவியை நூலில் கட்டி விழுங்கி, மறுபடி வெளியே இழுக்கிறவன். ஒருநாள் நூல் இல்லாமலே விழுங்கிவிடுகிறான். அதைப் படித்த இரண்டாம் நாள் என் மகன் ஒரு சட்டைப் பட்டனைத் தையல் நூலில் கட்டி வாயருகே கொண்டுபோனபோது பிடித்தேன். "டெஸ்ட்தான் பண்ணேன்." நினைத்ததை அந்த நொடியே செய்துவிடும் பிள்ளைக்கு, நினைத்ததை அந்த நொடியே செய்துவிடும் பிள்ளையின் கதையைக் கொடுக்கிறோம் என்பது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அந்த அத்தியாயத்தைப் பகலில் படியுங்கள். படித்த பிறகு கொஞ்ச நேரம் கூடவே இருங்கள். ஜோயியின் வீட்டுச் சூழலும் கனமானது, 10 வயதுக்கு முன் வேண்டாம் என்பது என் கணக்கு. நான் ஒன்பதரையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

ஜோயியின் இரண்டாவது புத்தகம் 2000-இல் வந்தது, அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி கௌரவம் பெற்றது. கோடை விடுமுறைக்கு ஜோயி தன் அப்பாவிடம் போகிறான். அவரும் இவனைப் போலவே நிற்காமல் ஓடுகிற ஆள். ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று, ஜோயி தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார். வாசித்து முடித்தபோது மகன் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து என் அண்ணன் வந்திருந்தார். "இந்த வயசுல நாங்களும் இப்படித்தான்டா இருந்தோம். மாத்திரையெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடு" என்றார், அன்பாகத்தான். மகன் பொம்மையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னான்: "ஜோயி அப்பாவும் இதைத்தான் சொன்னாரு, பெரியப்பா." அண்ணனுக்கு ஜோயி யாரென்று தெரியாது. என் மனைவிதான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பழைய கதை ஒன்றையும் முயன்று பார்த்தோம். 1840-களில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் தன் சின்ன மகனுக்காக எழுதி வரைந்த புத்தகத்தில் ஃபிலிப் என்றொரு பையன் வருகிறான். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, விழும்போது மேஜைவிரிப்பைப் பிடித்து இழுக்க, தட்டு, பாத்திரம் எல்லாம் அவனோடு தரைக்கு வருகின்றன. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு அவன் பெயர்தான் பட்டப்பெயர். மகன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசிப் படத்தில் அம்மாவும் அப்பாவும் சாப்பாடு போச்சே என்று நிற்கிறார்கள், ஃபிலிப் விரிப்புக்கு அடியில் கிடக்கிறான். கதை அங்கேயே முடிகிறது. "அவனை வெளிய எடுக்கவே இல்லையாப்பா?" என்று கேட்டான். திரும்ப அந்தப் புத்தகத்தை அவன் கேட்கவில்லை.

ஹாங்க் ஸிப்ஸர் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. நடிகர் ஹென்றி விங்க்லரும் லின் ஆலிவரும் 2003-இலிருந்து எழுதியது. ஹாங்கின் முக்கியச் சிக்கல் டிஸ்லெக்சியா. விங்க்லருக்கே தனக்கு அது இருப்பது 31 வயதில்தான் தெரிந்தது. கட்டுரை எழுதச் சொன்னால் ஹாங்க் நயாகரா அருவிக்கு மாடல் செய்துகொண்டு போகிறான், வகுப்பெல்லாம் தண்ணீர். லேசான, வேகமான படிப்பு. படிக்கவும் சிரமப்படுகிற பிள்ளை என்றால் இதில் தொடங்கலாம். எங்கள் வீட்டில் நான்கோடு நின்றது.

வாசிக்கிற முறையில் நான் கற்றது கொஞ்சம்தான். உட்காரச் சொல்லக் கூடாது. சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கேட்ட அத்தியாயங்களைத்தான் மகன் வரி வரியாகத் திருப்பிச் சொல்வான், உட்கார்ந்து கேட்டவற்றில் உட்கார்ந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டீர்களானால் அந்தப் புத்தகத்தின் ஆயுள் அன்றோடு தீர்ந்தது. ஒரு தடவை கேட்டுத்தான் எனக்கு இது தெரியும்.

எதிர்பாராதது கடைசியில் நடந்தது. மகனுக்காக வாங்கிய புத்தகங்களைப் பக்கத்து அறையில் இருந்த மகளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவனைவிட இரண்டு வயது மூத்தவள், சத்தமே இல்லாத பிள்ளை. ஆலிசன் கெர்பர் எழுதி 2019-இல் வந்த ஃபோகஸ்ட் என்ற நாவலை மகன் இருபது பக்கத்தில் மூடிவிட்டான், அதில் வருவது செஸ் ஆடுகிற கிளியா என்ற பெண். மகள் எடுத்துக்கொண்டு போனாள். கிளியா முட்டாளும் இல்லை, சோம்பேறியும் இல்லை. ஆனாலும் வீட்டுப்பாடம் கைநழுவுகிறது, நினைத்தது வாயில் வந்துவிடுகிறது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. பரிசோதனைக்குப் பிறகுதான் பெயர் தெரிகிறது. மகள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் வாரம் என் மேஜை அருகே வந்து நின்றாள். "அப்பா, தம்பிக்கு மட்டும்தானா இது?"

நான் ஐந்து வருடமாக இந்தப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தவன். ஓடாத, கத்தாத, கவனம் மட்டும் சிதறுகிற வகை ஒன்று உண்டு, பெண் பிள்ளைகளிடம் அது பலநேரம் கண்ணில் படாமலே போகிறது என்று எனக்குத் தெரியும். அவளை நான் பராக்குப் பார்க்கிற பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் பழைய மதிப்பெண் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்க வேண்டுமாம். தேடி எடுத்தேன். ஒவ்வொரு வருடமும், வெவ்வேறு கையெழுத்தில், ஏறக்குறைய ஒரே குறிப்பு: அமைதியான மாணவி, இன்னும் கவனம் தேவை. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து இருந்தது.

அடுத்த சந்திப்பு இந்த மாதக் கடைசியில். அந்த நாவல் நூலகப் புத்தகம், திருப்பித் தர வேண்டிய தேதி தாண்டி மூன்று வாரம் ஆகிறது. எங்கே வைத்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை.