முதுமையில் இதயத்துக்கு எது: வைட்டமின் ஈ, கோகோ ஃபிளவனால், கோஎன்சைம் கியூ10?

'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல், ரத்தக்குழாய்ச் சுவரில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அடைப்பு உருவாக வழிசெய்கிறது. அதைத் தடுத்தால் மாரடைப்பு குறையும் என்ற எண்ணத்தில்தான் வயதானவர்கள் பலரும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை வாங்குகிறார்கள். சோதனைக் குழாயில் மூன்றும் அந்த வேலையைச் செய்யும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் இதய மரணமும் குறைந்தனவா?

வைட்டமின் ஈ இதில் தோற்றுவிட்டது. 55 வயதைத் தாண்டிய, இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 9,500-க்கும் மேற்பட்டோர் 'ஹோப்' ஆய்வில் கலந்துகொண்டார்கள். தினமும் 400 யூனிட், அதுவும் இயற்கை மூலத்திலிருந்து எடுத்தது. 2000-இல் வந்த முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. அதே ஆய்வைத் தொடர்ந்து நடத்தி 2005-இல் வெளியிட்டபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இதயச் செயலிழப்பு (இதயம் போதுமான ரத்தத்தைப் பம்ப் செய்ய முடியாத நிலை) கூடியிருந்தது. அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் எட்டு ஆண்டுகள் நடந்து 2008-இல் வெளியான ஆய்விலும் மாரடைப்பு குறையவில்லை. மூளை ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம்தான் அதிகரித்தது. "இயற்கையானது, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்பவர்களுக்கு இதுவே பதில்.

கோகோ விதையில் இயற்கையாக உள்ள ஃபிளவனால் என்ற பொருளின் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2022-இல் வெளியான 'காஸ்மாஸ்' ஆய்வில் 21,442 முதியவர்கள் பங்கேற்றார்கள். தினம் 500 மில்லிகிராம். மொத்த இதய பாதிப்புகள் 10 சதவீதம் குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான். இதய நோய் மரணங்கள் மட்டும் 27 சதவீதம் குறைந்தன. நல்ல சேதிதான், ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி அது இல்லை என்பதால் இன்னொரு ஆய்வு உறுதிசெய்யும்வரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதைச் சாக்லேட்டுக்கான அனுமதியாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோகோவின் கசப்பைக் குறைக்க அல்கலி (காரப்பொருள்) சேர்த்துப் பதப்படுத்தும்போதே ஃபிளவனால் பெரும்பகுதி போய்விடுகிறது.

கியூ10 சற்று வேறு வகை. உடலே தயாரிக்கும் பொருள் இது. இதயத் தசைச் செல்கள் ஆற்றலை உண்டாக்க இது தேவை. வயதாக ஆக அளவு குறைகிறது. கொலஸ்ட்ராலும் கியூ10-உம் உடலில் ஒரே பாதையில் உருவாவதால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் ரத்தத்தில் இதைக் குறைக்கும். 2014-இல் வெளியான 'கியூ-சிம்பியோ' ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 420 பேர் வழக்கமான மருந்துகளை நிறுத்தாமல் இரண்டு ஆண்டுகள் பங்கேற்றார்கள். தினம் 300 மில்லிகிராம் கியூ10 எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கும் பெரிய இதய பாதிப்புகள் வந்தன. ஸ்வீடனில் 443 முதியவர்களுக்கு செலினியத்தோடு கொடுத்தபோதும் இதய மரணங்கள் குறைந்தன. ஆனால் அங்கு மக்களுக்குச் செலினியமே குறைவு. பலனை எதன் கணக்கில் எழுதுவது? இரண்டு ஆய்வுகளும் சிறியவை என்பதும் உறுத்துகிறது.

ஆகவே இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் கியூ10 பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இதயம் நன்றாக இருப்பவர்களுக்கு மூன்றும் தேவையில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கியூ10 அதன் வேலையைக் குறைக்கக்கூடும், வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரைகளின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.