காற்றடைத்த படகா, ஃபைபர் வள்ளமா?

பாய்மரப் படகை நங்கூரமிட்ட பிறகு கரைக்கு வர ஒரு சின்னப் படகு வேண்டும். கொழும்பில் இதற்கு முதல் எதிரி வெயில். காற்றடைத்தவற்றில் மலிவானது பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. இந்த வெயிலில் சில வருடங்களிலேயே ஒட்டு விட்டு, மேற்புறம் பிசுபிசுக்கத் தொடங்கும். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பரில் செய்தது நின்றுபிடிக்கும், விலைதான் கையைக் கடிக்கும். எதை வாங்கினாலும் துணியுறை தைத்துப் போடுங்கள்.

ஃபைபர் வள்ளத்துக்கு அந்தக் கவலை குறைவு. கல்கிசைக் கரையில் கல்லோ உடைந்த போத்தலோ உரசினாலும் கீறலோடு போகும். ஓட்டை விழுந்தால்கூட நீர்கொழும்புப் பக்கம் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் கண்ணாடியிழைத் துணியும் ரெசின் பசையும் வைத்து அடைத்துவிடுவார்கள். துடுப்பு வலிக்கவும் அதுதான் சுகம். காற்றடைத்தது எதிர்க்காற்றில் பக்கவாட்டில் இழுபடும். மோட்டார் இல்லாமல் சரிப்படாது.

சரி, பிறகு ஏன் பலர் காற்றடைத்ததையே வாங்குகிறார்கள்? விளிம்பில் கால் வைத்து ஏறினாலும் லேசில் கவிழாது. தண்ணீர்க் கலன், காஸ் சிலிண்டர், மாமியார் எல்லாம் ஏற்றலாம். பெரிய படகில் இடித்தாலும் பெயின்ட் போகாது. சுருட்டி உள்ளே வைக்கலாம். 30 அடிப் படகின் மேல்தளத்தில் வள்ளத்தைக் கட்ட இடம் தேடுவது பெரும்பாடு.

பொல்கொடை ஏரியோடு நிற்பவர் ஃபைபரே எடுக்கலாம். திருகோணமலை வரை ஓடும் எண்ணமிருந்தால் என் வாக்கு ஹைப்பலானுக்கு.