பொலிரோ மேக்ஸ் பிக்கப்: 9 அடி பாடியா, 10 அடி பாடியா?

மகிந்திரா பொலிரோ மேக்ஸ் பிக்கப்பில் எச்.டி. 1.7, எச்.டி. 1.7 எல் என்று இரண்டு வண்டிகள் உண்டு. இரண்டிலும் ஏற்றக்கூடிய பாரம் 1,700 கிலோதான். பாடியின், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின், அகலமும் ஒன்றுதான், 1,700 மி.மீ. நீளம் மட்டும் மாறுகிறது: முதலாவது 2,765 மி.மீ., அதாவது 9 அடி. ‘எல்’ போட்டது 3,050 மி.மீ., 10 அடி. ஷோரூமில் பத்தடி வண்டியைக் காட்டி “லோடு நிறையப் போகும் சார்” என்பார்கள். இடம் கூடுகிறது என்பது சரி. ஆனால் எடை ஒரு கிலோ கூடக் கூடவில்லை. 10 அடியில் 2 டன் வேண்டுமென்றால் எச்.டி. 2.0 எல் என்ற தனி மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உங்கள் சரக்கில் முதலில் நிறைவது எது என்பதுதான். எடையா, இடமா?

தக்காளியை வைத்துக் கணக்குப் போடலாம். மார்க்கெட்டில் ஓடும் பிளாஸ்டிக் கிரேடின் (காய்கறிப் பெட்டியின்) வெளி அளவு 540 × 360 × 290 மி.மீ. அதன் நீளவாக்கை வண்டியின் அகலத்துக்கு வைத்தால் குறுக்கே மூன்று நிற்கும். 9 அடி பாடியில் அப்படி ஏழு வரிசை, ஓர் அடுக்குக்கு 21. 10 அடியில் எட்டு வரிசை, 24. இதுவரை பத்தடிதான் முந்துகிறது. இனி எடை. 25 கிலோ தக்காளியும் கிரேடும் சேர்ந்து 27 கிலோ. டிரைவரும் லோடுமேனும் 130 கிலோ என்று வைத்தால் சரக்குக்கு மிஞ்சுவது 1,570 கிலோ. எந்தப் பாடியானாலும் 58 கிரேடோடு சரி. 9 அடியில் 21, 21, 16 என்று மூன்று அடுக்கு. 10 அடியில் 24, 24, மேலே 10. பத்தடி வண்டியில் அடுக்கின் உயரம் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான் லாபம். சிமெண்டு இன்னும் மோசம்: 50 கிலோ மூட்டை 31 ஏறியதும் எடை முடிந்துவிடும், பாடியில் பாதி இடம் சும்மா கிடக்கும்.

மெத்தை, தென்னை நார், தெர்மோகோல் பெட்டி, திரும்பி வரும் காலி கிரேடு இவற்றுக்குக் கணக்கு தலைகீழ். ஏழு அடுக்காகக் காலி கிரேடு கட்டினால் 9 அடியில் 147, 10 அடியில் 168. எடை 350 கிலோவைத் தாண்டாது. ஒவ்வொரு நடைக்கும் 21 கிரேடு கூடுதல் என்பது மாதக் கடைசியில் டீசல் பில்லில் தெரியும். இந்த மாதிரிச் சரக்குக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், பத்தடிதான்.

பிளைவுட் 8 × 4 அடி, அதாவது 2,440 × 1,220 மி.மீ. இரண்டு பாடியிலும் தட்டையாகப் படுக்கும், கதவும் மூடும். சிக்கல் வருவது 10 அடி கூரைத் தகட்டில். அது 3,048 மி.மீ. பத்தடி பாடியில் மிச்சம் 2 மி.மீ. தகட்டு முனை லேசாக மடங்கியிருந்தாலே பின் கதவு கொக்கி விழாது. 9 அடியில் கிட்டத்தட்ட 28 செ.மீ. வெளியே நீளும். கதவைத் தொங்கவிட்டு ஓட்டினால் அது நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் மறைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய், இறக்கும் கூலி தனி. 20 அடி பி.வி.சி. பைப்புக்கு இரண்டு பாடியுமே போதாது. அதற்காகப் பத்தடி எடுப்பதில் அர்த்தமில்லை.

நீளப் பாடியில் ஆட்கள் அதிகம் தவறுவது பாரத்தை வைக்கும் இடத்தில். இறக்க வசதி என்று மூட்டையைப் பின் கதவோரமே அடுக்கி, கேபின் பக்கம் காலியாக விடுகிறார்கள். பின் அச்சுக்குப் பின்னால் விழும் எடை முன் அச்சைத் தூக்கும். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 3.2 மீட்டர் என்று கொள்ளுங்கள். அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் 500 கிலோ வைத்தால் முன் சக்கரத்திலிருந்து 125 கிலோ கழன்றுவிடும். ஸ்டியரிங் லேசாகும், மழை ரோட்டில் வண்டி திருப்பின பக்கம் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும், முன் பிரேக்கின் பிடி குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இது உயிர்ப் பிரச்சினை. பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட்டுக்கும் அடி. மொத்த எடை கணக்குக்குள் இருந்தும் மெயின் பட்டை விரிசல் விட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பின்பாரத்தைத்தான்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே, பாடியின் உள் சுவரில் இரண்டு பக்கமும் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். கனமான சரக்கின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு ஓர் அடியாவது கேபின் பக்கம் இருக்க வேண்டும். லோடுமேனுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கோட்டைக் காட்டினால் போதும். எடை மேடையில் முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு, முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். காலி வண்டியின் முன் அச்சு எடையைவிட லோடு வண்டியின் முன் அச்சு எடை குறைந்திருந்தால் அடுக்கியது தப்பு.

பத்தடி வண்டியின் பின் மூலை, அச்சுக்கு வெகு பின்னால் நிற்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்துக் கிளம்பினால் பின் இடது மூலை வெளியே வீசும். மதுரை கீழமாசி வீதி மாதிரி இடங்களில், சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியை எடுக்கும்போதுதான் இது உரசும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உரசும். பழைய பிக்கப்புகளைப் பாருங்கள், பின் மூலைத் தூணில் படுக்கைக் கீறல்கள் வரிசையாக இருக்கும். சந்துக்குள் டெலிவரி கொடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு அடி தினசரித் தலைவலி. வாங்கும் முன் இரண்டு மாடலின் வீல்பேஸையும் திரும்பு வட்டத்தையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

டாடா இன்ட்ராவில் கதை வேறு. வி30 பாடி 2,690 மி.மீ., 1,300 கிலோ. வி50 பாடி 2,960 மி.மீ., 1,500 கிலோ. அங்கே நீளத்தோடு எடையும் ஏறுகிறது, அதனால் பெரியதற்குத் தரும் காசுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அகலம் 1,607 மி.மீ. மூன்று கிரேடுக்குக் குறுக்கே 1,620 வேண்டும். 13 மி.மீ. குறைவதால் மூன்றாவது கிரேடைத் திருப்பித்தான் வைக்க முடியும். காய்கறிக்காரர்கள் நீளத்துக்கு முன்னால் உள் அகலத்தை டேப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தரைக்கு மேல் 3 மி.மீ. இரும்புத் தகடு விரிக்கிற வழக்கம் இருக்கிறது. 9 அடிக்கு அது சுமார் 110 கிலோ, 10 அடிக்கு 122. நாலு கிரேடு தக்காளிக்கான எடை தகட்டுக்கே போய்விடும். சாதாரணச் சரக்குக்கு கம்பெனித் தரையே போதும். 9 அடியை வாங்கிப் பட்டறையில் ஓர் அடி நீட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றுவதற்கு இடம் கொடுக்காது. எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனையில்) நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் இழுபறிதான்.

தக்காளி, வெங்காயம், சிமெண்டு, டைல்ஸ், தண்ணீர் கேன், மளிகை மூட்டை: 9 அடி எச்.டி. 1.7 எடுங்கள். நார், மெத்தை, ஃபோம், தின்பண்டப் பெட்டி, ஃபர்னிச்சர்: 10 அடி 1.7 எல். இரண்டும் கலந்து வாடகைக்கு ஓடுகிறவர்கள் பத்தடி எடுக்கலாம், ஆனால் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று கேட்கும் வியாபாரிக்கு இரங்கி இன்னும் பத்து மூட்டை ஏற்றக்கூடாது. ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ஏறும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்து, வரும் எண்ணைக் கேபின் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள்.