நேரே டயலா, நடுவில் ஒரு பக்கமா? பே-பெர்-கால் தேடல் விளம்பரத்தின் லாபக் கணக்கு

அமெரிக்காவில் ஒரு வீட்டில் குழாய் உடைந்தால், வீட்டுக்காரர் கைபேசியை எடுத்து ‘எமர்ஜென்சி பிளம்பர்’ என்று கூகுளில் தேடுவார். அந்தத் தேடலில் விளம்பரம் வைத்து, வரும் அழைப்பை ஒரு பிளம்பிங் நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டு, அழைப்புக்கு இத்தனை டாலர் என்று வாங்கிக்கொள்வது பே-பெர்-கால் தொழில். நாம் கூகுளுக்குக் கொடுப்பது கிளிக்குக்கு. நமக்கு வருவது அழைப்புக்கு. அதிலும் எல்லா அழைப்புக்கும் காசு கிடையாது. பேச்சு 90 விநாடியோ 120 விநாடியோ தாண்டினால்தான் நமக்குத் தொகை, அதாவது பேஅவுட். இந்த எல்லையைத் தொழிலில் பஃபர் என்பார்கள்.

விளம்பரத்தைத் தொட்டவரை நேரே டயலுக்கு அனுப்புவதா, லேண்டிங் பக்கம் (விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் இணையப் பக்கம்) ஒன்றைக் காட்டிவிட்டு அழைக்கச் சொல்வதா? முதல் வழிக்கென்றே கூகுள் 2015-இல் ‘கால்-ஒன்லி’ விளம்பரத்தைக் கொண்டுவந்தது. தொட்டால் இணையதளம் திறக்காது. எண் நிரப்பிய டயலர் திறக்கும். அதன் பிறகு பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டியவர் தேடியவர்தான். ஆனால் கூகுளின் மீட்டர் முதல் தொடுதலிலேயே ஓடிவிடுகிறது. டயலரைப் பார்த்துத் திரும்பிப் போனவர், கைதவறித் தொட்டவர் எல்லோருக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

லேண்டிங் பக்கம் வைத்தால் அங்கே ஒரு வடிகட்டல் நடக்கும். எந்த ஊரில் வேலை, எத்தனை மணி வரை, வாடகை வீட்டுக்காரருக்கும் உண்டா என்பதெல்லாம் நான்கு வரியில் இருந்தால், பொருந்தாதவர் அங்கேயே விலகிவிடுவார். பக்கம் மெதுவாகத் திறந்தால் பொருந்துபவரும் விலகுவார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கால்-ஒன்லியில் 100 கிளிக், கிளிக் 9 டாலர், செலவு 900. அதில் 65 அழைப்பு. பஃபரைத் தாண்டியது 26. பேஅவுட் 40 டாலர் வீதம் 1,040. மிச்சம் 140. லேண்டிங் பக்கத்தில் கிளிக் 7 டாலர், 100 கிளிக்குக்கு 700. அழைப்பு 30தான், தாண்டியது 21, வரவு 840. இங்கேயும் மிச்சம் 140.

நம் கணக்கில் இரண்டும் ஒன்று. அழைப்பை வாங்கும் நிறுவனத்தின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை. முதல் வழியில் அவர்கள் 65 தடவை போனை எடுத்து, அதில் 39 தடவை வெறும் பேச்சு பேசியிருக்கிறார்கள். இரண்டாவதில் வீண் 9. பஃபருக்குள் முடிந்த அழைப்புக்கு அவர்கள் நமக்குக் காசு தருவதில்லை. ஆனால் போன் எடுக்கும் ஆளுக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் அடுத்த மாதம் 40 டாலரை 32 ஆக்கச் சொல்வதோ, பஃபரை 120 விநாடிக்கு ஏற்றுவதோ முதல் வழிக்காரரிடம்தான் நடக்கும். பேஅவுட் 32 ஆனால் 26 அழைப்புக்கு 832, செலவு 900. கூகுள் பக்கம் எதுவும் மாறாமலே நஷ்டம்.

அதனால் என் ஓட்டு லேண்டிங் பக்கத்துக்கே. ஒரு விலக்கு உண்டு: பூட்டு திறப்பது, நடுவழியில் நின்ற காரை இழுப்பது போன்ற அவசரங்களில் யாரும் பக்கத்தைப் படிப்பதில்லை, நேரே டயல்தான் பொருந்தும். (பூட்டு வேலைக்கு அமெரிக்காவில் கூகுள் தனிச் சரிபார்ப்பு கேட்கும். இடைத்தரகர் பூட்டுக்காரர் வேஷம் போட்டால் கணக்கே முடங்கலாம்.)

இந்தத் தேர்வுக்கு ஒரு கெடுவும் விழுந்திருக்கிறது. 2026 பிப்ரவரியிலிருந்து புதிய கால்-ஒன்லி விளம்பரம் உருவாக்க முடியாது; இருப்பவை 2027 பிப்ரவரியில் நின்றுவிடும் என்று கூகுள் அறிவித்துள்ளது. மாற்று, ரெஸ்பான்சிவ் தேடல் விளம்பரத்தோடு (நாம் தரும் தலைப்புகளையும் வரிகளையும் கூகுளே கலந்து காட்டும் வகை) கால் அசெட், அதாவது தொட்டால் அழைக்கும் எண், சேர்ப்பது. தலைப்பைத் தொட்டால் பக்கம், எண்ணைத் தொட்டால் டயல் என்று இரண்டு வழியும் ஒரே விளம்பரத்தில் இருக்கும். வாங்குபவரின் அலுவலகம் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் எண் தெரியும்படி அட்டவணை போடலாம்.

தரவுக் கணக்கிலும் பக்கம் வைத்தவர் கை ஓங்கியிருக்கிறது. பக்கத்துக்கு வருபவர் திறக்கும் இணைய முகவரியில் கூகுளின் கிளிக் ஐடி (அந்தக் கிளிக்குக்கான அடையாளக் குறி) ஒட்டிக்கொண்டு வரும். எந்தத் தேடல் சொல்லுக்குப் பேஅவுட் கிடைத்தது என்று கூகுளுக்குத் திருப்பிச் சொல்லலாம். நேரடி டயலில் அந்த ஐடி இல்லை. அழைத்தவரின் எண்ணையும் அழைப்பு தொடங்கிய நேரத்தையும் வைத்துப் பொருத்திப் பதிவேற்ற வேண்டும். எந்த வழியானாலும் இரண்டு அமைப்புகளைப் பார்த்துவிடுங்கள். விளம்பர அழைப்பை கன்வர்ஷனாக (வெற்றியாக) எண்ண கூகுள் வைத்திருக்கும் இயல்பு அளவு 60 விநாடி. உங்கள் பஃபர் 90 என்றால், காசு வராத அழைப்புகளை வெற்றி என்று ஸ்மார்ட் பிட்டிங்குக்கு (கிளிக் விலையைத் தானே முடிவுசெய்யும் கூகுளின் முறை) நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள். அடுத்தது, பக்கத்தில் உள்ள எண்ணைத் தொட்டதை எண்ணும் கன்வர்ஷன். அது தொடுதலைத்தான் எண்ணும், பேச்சை அல்ல.

அழைப்பை விற்கும்போது நிலையான பேஅவுட்டா, ரியல்-டைம் ஏலமா? ஏலத்தில் அழைப்பவரின் பகுதியையும் நேரத்தையும் பார்த்து வாங்குபவர்கள் விலை கேட்பார்கள். உச்ச நேரத்தில் நிலையான விலையைத் தாண்டும். பின்னிரவில் கேட்க ஆளே இருக்காது. ஒவ்வொரு அழைப்பின் வருவாயையும் கூகுளுக்கு மதிப்பாக அனுப்ப முடிகிறவருக்கு ஏலம் சரி. முடியாதவர் நிலையான விலையில் டார்கெட் சிபிஏ (ஒரு கன்வர்ஷனுக்கு இவ்வளவு செலவு என்ற இலக்கு) வைத்து ஓட்டுவதே நிம்மதி.

நம்மூரிலிருந்து இதை நடத்துபவர்களுக்கு ஒன்று. விளம்பர அட்டவணை, தினசரி பட்ஜெட் இரண்டும் கணக்கின் நேர மண்டலப்படியே ஓடும். இந்திய நேரத்தில் திறந்த கணக்கில் நள்ளிரவு புதிய பட்ஜெட் தொடங்கும்போது நியூயார்க்கில் பிற்பகல் 1.30, கோடைக்கால நேரத்தில் 2.30. அன்றைய பட்ஜெட் அதற்குள் தீர்ந்திருந்தால் அங்கே முற்பகலில் விளம்பரம் தெரியவே தெரியாது. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நம் அட்டவணை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மார்ச்சில் வாங்குபவர் கடையைப் பூட்டிய பிறகும், நவம்பரில் திறக்கும் முன்பும் நம் கிளிக் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவர் வாங்கும் நிறுவனம் இருக்கும் மண்டலத்திலேயே கணக்கைத் திறந்துவிடலாம்.